இடை அறையில் இரண்டு பேர்

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "குளிர்ல மூளை மரத்துப்போயிருக்கும். அதான் என்னென்னவோ தெரிஞ்சிருக்கு." அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிருக்குள் இருந்தது நான் இல்லை. நான் வெளியே, டியூப் லைட் வெளிச்சத்தில், கையில் டீயோடு உட்கார்ந்திருந்தேன். நேரமும் நடுநிசி இல்லை, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பேய்க்கு வெயில் ஆகாது என்று சொன்னவர்கள் யாரோ, அவர்களை நான் நேரில் பார்த்துக் கேட்க வேண்டும்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிற புரோகிராம்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. சிக்கல் இரண்டு வகை. முதலாவது டெட்லாக். ஒற்றையடிப் பாலத்தில் எதிரெதிரே வந்த இரண்டு பேர், "நீ பின்னால போ" என்று ஆளுக்கு ஆள் முறைத்துக்கொண்டு அசையாமல் நிற்பது. இரண்டாவது லைவ்லாக். குறுகலான நடையில் எதிரே ஒருவர் வருகிறார். நீங்கள் இடது பக்கம் விலகுகிறீர்கள். அவரும் அதே பக்கம் வருகிறார். வலது பக்கம் விலகுகிறீர்கள். அவரும் கூடவே வருகிறார். மனிதர்கள் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். புரோகிராமுக்குச் சிரிக்கத் தெரியாது. சம்பந்தி உபசாரம் மாதிரி நாள் முழுக்க வழிவிட்டுக்கொண்டே இருக்கும். டெட்லாக்கில் எல்லாம் நின்றுவிடும், பார்த்தவுடன் தெரியும். லைவ்லாக்கில் விளக்குகள் எரிந்து அணையும், எல்லாம் ஓடுவதுபோல இருக்கும், ஒரு காரியமும் நடக்காது.

அன்று நான் சோதித்தது ஒரு மருந்துக் கிடங்கின் கதவுகளை. கிடங்கின் கோடியில் ஒரு குளிர் அறை. உள்ளே மைனஸ் இருபது டிகிரி. அதற்குப் போக இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். வெளிக்கதவைத் திறந்தால் லிஃப்ட் அளவுக்கு ஓர் இடை அறை. அதன் மறுபக்கம் உள்கதவு. குளிர் வெளியே போய்விடக் கூடாது என்பதால் இரண்டு கதவும் ஒரே சமயத்தில் திறக்காது. இடை அறைச் சுவரில் இரண்டு பட்டன்கள். பச்சையை அழுத்தினால் வெளிக்கதவு, சிவப்பை அழுத்தினால் உள்கதவு. தரைக்கு அடியில் ஒரு தராசு உண்டு. உள்ளே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அது கணக்கிட்டு என் திரைக்கு அனுப்பும்.

முந்தின வாரம் இதில் ஒரு டெட்லாக் பிடித்திருந்தேன். இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் இரண்டு கதவும் பிடிவாதமாக மூடியே கிடந்தன. புரோகிராம் எழுதியவருக்கு ஆபீஸில் 'ஆயிடுச்சு' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் "ஆயிடுச்சு" என்பார். இதையும் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். இரண்டு பட்டனும் சேர்ந்து அழுத்தப்பட்டால் இரண்டு கோரிக்கையும் பின்வாங்கும். இரண்டு நொடி பொறுத்து மறுபடி கேட்கும். ரொம்ப மரியாதையான ஏற்பாடு. பேயை விரட்டிப் பிசாசைக் கூப்பிட்ட கதையாக, டெட்லாக் போன இடத்தில் லைவ்லாக் வந்து உட்காரும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. மறுநாள் காலை மருந்து லாரிகள் வருகின்றன. அதற்குள் பார்த்தாக வேண்டும்.

என்னோடு வந்தவன் என் தம்பி. அந்தக் கதவுகளுக்கு ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியன் அவன்தான். கெட்டிக்காரன். ஆனால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி எப்போதும் பறப்பான். காலையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே பொம்மை ஆட்களை உருவாக்கிக் கதவைத் தட்டவைத்துப் பார்த்தாயிற்று. இனி நிஜ ஆள் உள்ளே நின்று பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளிருந்து இழுத்தால் கதவைத் திறந்துவிடும் அவசரக் கைப்பிடி இன்னும் பொருத்தப்படவில்லை. அது அட்டைப்பெட்டியோடு என் காலடியில் கிடந்தது.

"முதல்ல இதை மாட்டுடா. அப்புறம் உள்ள போ."

"ரெண்டு நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் ஸ்க்ரூ முடுக்கணுமா? நீ டீயைக் குடி."

"ஜாக்கெட்டாவது போட்டுக்கோ."

"இடை அறையிலதானே நிக்கப்போறேன். நான் என்ன ஐஸ்கிரீமா?"

அரைக்கைச் சட்டையோடு உள்ளே போனான். வெளிக்கதவு மூடிக்கொண்டது. திரையில் மணி 3:07.

பொம்மை ஆட்களை எல்லாம் நிறுத்திவிட்டு இன்டர்காமில் சொன்னேன். "பச்சையை அழுத்து."

பச்சை எரிந்தது. உடனே சிவப்பும் எரிந்தது. இரண்டும் அணைந்தன.

இரண்டு நொடி.

இரண்டும் எரிந்தன. இரண்டும் அணைந்தன.

"ரெண்டையும் அழுத்தினியா?"

"இல்லக்கா. பச்சை மட்டும்தான்."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். தூண்டிலில் மீன் மாட்டிய சந்தோஷம். நான் சொன்ன லைவ்லாக் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. நாளைக்கு 'ஆயிடுச்சு'வின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே டீயை ஒரு வாய் குடித்தேன். அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்தது. சிவப்பைக் கேட்டது யார்?

பொம்மை ஆட்களைத் தேடினேன். ஒருவரும் ஓடவில்லை.

"உன் ஒயரிங்தான் எங்கயோ உரசுது."

"என் ஒயரிங்கைப் பத்திப் பேசாத. உன் கம்ப்யூட்டர்தான் உளறுது." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "அக்கா... சிவப்பு பட்டன் உள்ள போகுது."

"விளக்கு எரியுதா?"

"விளக்கு இல்ல. பட்டன். அமுங்குது. யாரோ விரலை வெச்சு அழுத்துற மாதிரி..."

திரையின் மூலையில் அப்போதுதான் கவனித்தேன்.

உள்ளே இருப்பவர்கள்: 2.

தராசுக் கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதுத் தராசு, ஈரம் பட்டிருக்கும். சிவப்புக் கோரிக்கையைத் திரையிலிருந்து நீக்கினேன். இரண்டு நொடியில் திரும்பி வந்தது. மறுபடி நீக்கினேன். மறுபடி வந்தது. என் விரல் எவ்வளவு வேகமோ அதே வேகம்.

'ஆயிடுச்சு'வுக்குப் போன் போட்டேன்.

"மொத்தமா நிறுத்திட்டு மறுபடி ஓட விடட்டுமா?"

"ஐயையோ, நிறுத்திடாதீங்க. நிறுத்தினா ரெண்டு கதவும் பூட்டிக்கும். உள்ள ஆள் இருக்கற வரைக்கும் மறுபடி கிளம்பாது. எத்தனை பேர் உள்ள?"

"ஒருத்தன். என் தம்பி."

தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவர் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது.

"எனக்கு ரெண்டு காட்டுதே. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேட்டா எப்படி? ஒருத்தரை விட்டுக்கொடுக்கச் சொல்லுங்க."

"அங்க இன்னொருத்தர் இல்லங்க!"

  "நான் கிளம்பி வரேன்" என்றார். அவர் வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது.

தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினேன். கதவை அறுக்கிற கருவியோடு ஆள் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். திரையில் இடை அறையின் வெப்பநிலை ஆறு டிகிரி என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தானது. உள்கதவு மூடித்தான் இருந்தது. குளிர் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

"அக்கா, திற. விளையாடாத."

"பார்த்துட்டே இருக்கேன்டா. உள்கதவு இடுக்குல குளிர் வருதா பாரு."

"அதுகிட்டப் போக முடியல."

"ஏன்?"

"வழியில... ஏதோ நிக்குது. நான் இந்தப் பக்கம் விலகினா அதுவும் இந்தப் பக்கம் விலகுது. அந்தப் பக்கம் போனா அங்கயும் வருது."

எழுந்து வெளிக்கதவுக்கு ஓடினேன். அதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

தம்பி மட்டும்தான் இருந்தான்.

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இடது பக்கம் ஓர் அடி. வலது பக்கம் ஓர் அடி. மறுபடி இடது. கூட்டத்தில் யாருக்கோ வழிவிடுகிறவன் மாதிரி.  எதிரே மூடிய உள்கதவு மட்டும்தான். அவன் வாயிலிருந்து வந்த ஆவி அந்தக் கதவுப்பக்கம் போனது.

நான் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடி மங்கியது.

கையால் துடைத்தேன். போகவில்லை.

ஆவி உள்பக்கம் படிந்திருந்தது.

தம்பி இன்னும் எனக்கு முதுகைக் காட்டித்தான் நின்றான். கண்ணாடியில் படிந்த ஆவி சுருங்கியது... விரிந்தது... சுருங்கியது. யாரோ என் முகத்துக்கு நேரே, ஒரு விரல் தூரத்தில், மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கத்தினேனா என்று நினைவில்லை. மேஜைக்கு எப்படித் திரும்பி வந்தேன் என்றும் தெரியவில்லை. டீ தரையில் கொட்டிக் கிடந்தது.  

வெப்பநிலை ஒரு டிகிரி. மணி 3:15.

பயந்துகொண்டு உட்கார்ந்தால் தம்பி போய்விடுவான். அந்த ஒரு நினைப்புதான் என்னை நிதானத்துக்குக் கொண்டுவந்தது. வேறு எதுவும் தெரியாவிட்டாலும் என் தொழில் எனக்குத் தெரியும். லைவ்லாக்கை உடைக்க ஒரே வழிதான். இரண்டில் ஒருவர் கேட்பதை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மற்றவர் போய்விடுவார். அவர் போனதும் வழி காலியாகும்.

"டேய், கவனமாக் கேளு. பச்சை பட்டனை அஞ்சு நொடி அழுத்திப் பிடி. உன் கோரிக்கை ரத்தாகும். அப்புறம் ஓரமா ஒதுங்கி நில்லு. எதையும் தொடாத. அது முதல்ல போகட்டும்."

"எது?"

"கேள்வி கேக்காதடா. அழுத்து."

"அக்கா, உள்கதவு திறந்துக்கும். மைனஸ் இருபது."

"ஒரு நிமிஷம்தான். மூச்சைப் பிடிச்சுக்கோ."

பச்சை அணைந்தது. அணைந்தே இருந்தது.

சிவப்பு எரிந்தது. இந்தத் தடவை அணையவில்லை.

உள்கதவு திறக்கும் சத்தம். இன்டர்காமில் காற்று இரைந்தது. கண்ணாடி முழுவதும் வெள்ளையானது.

நொடிகள் போயின. எண்ணிக்கை மாறவில்லை.

2.

2.

"என்னடா ஆச்சு? போயிடுச்சா?"

"போகல..." அவன் பற்கள் தந்தியடித்தன. "நான் ஒதுங்கிட்டேன். அதுவும் ஒதுங்கி நிக்குது. எனக்கு... வழி விடுது."

மைனஸ் நான்கு.

மைனஸ் ஏழு.

"கதவு திறந்துதானே இருக்கு! போகச் சொல்லு!"

"நீ சொல்லு அக்கா..."

மைனஸ் பத்து. அவன் மூச்சு விட்டுவிட்டு வந்தது. இன்டர்காமில் வாயை வைத்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

"யாராவது ஒருத்தர் முதல்ல போய்த் தொலைங்க!"



பிறகு காலடிச் சத்தம்.

டக்...

டக்...

உள்ளே போகும் சத்தம்.

உள்கதவு மூடியது.

1.

பச்சை எரிந்தது. வெளிக்கதவு திறந்தது. வெள்ளைப் புகைக்குள்ளிருந்து என் தம்பி வந்தான். வாசற்படியில் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கட்டிக்கொண்டு அழுதேன். ஐஸ் கட்டியைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

"ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருந்தேன்" என்றான்.

மணி 3:19. பன்னிரண்டு நிமிடம். அங்கே அவனுக்கு அது ரொம்ப நேரம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தீயணைப்புக்காரர்களை வர வேண்டாம் என்றேன். பின்னால் வந்து சேர்ந்த 'ஆயிடுச்சு' என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, வெளியே வருகிறவருக்கே எப்போதும் முதலிடம் என்று புரோகிராமை மாற்றினார். அவசரக் கைப்பிடியையும் அவரே மாட்டினார். பிறகு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, டார்ச் எடுத்துக்கொண்டு, குளிர் அறைக்குள் போய் மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். உள்ளே யாரும் இல்லை. காலி அலமாரிகள் மட்டும்தான் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. மறுநாள் லாரிகள் வந்தன. கதவுகள் ஒழுங்காகத் திறந்தன, ஒழுங்காக மூடின.

தம்பியை அம்மா வீட்டில் விட்டேன். இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, சரியாகிவிட்டது. பார்க்க அதே ஆள். அதே தொப்பை, அதே கோணல் பல். ஆனால் ஓட்டம் நின்றுவிட்டது. கூப்பிட்டால் வருகிறான், கொடுத்ததைச் சாப்பிடுகிறான். கத்துவதில்லை. அம்மாவுக்கு ஒரே பூரிப்பு.

"சாவு வாசல் வரைக்கும் போயிட்டு வந்தவன்டி. அதான் பொறுப்பு வந்திருக்கு" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பத்து நாள் கழித்து ஒரு போன் வந்தது. அந்தத் தரைத் தராசைப் பொருத்திய கம்பெனிக்காரர். பேச்சில் கொஞ்சம் கோபம் இருந்தது.

"மேடம், தராசு தப்பாக் காட்டினதா உங்க ரிப்போர்ட்ல எழுதியிருக்கீங்க. நான் நேர்ல வந்து பெட்டியைத் திறந்து பார்த்துட்டேன். தராசுல ஒரு குறையும் இல்ல. அன்னிக்கு உள்ள ரெண்டு பேர்தான்."

"என் தம்பி ஒருத்தன்தாங்க போனான்."

"உள்ள போனது ஒருத்தர்தான், அது தெரியுது. ஆனா அவர் பட்டனை அழுத்தறதுக்கு முன்னாலயே தரையில இன்னொரு எடையும் இருக்கு. எப்போ ஏறிச்சுன்னுதான் எனக்குப் புரியல. ரெண்டு எடையும் தனித்தனியாத்தான் பதிவாகியிருக்கு. படிக்கவா?"

"படிங்க."

"உள்கதவு வழியா குளிர் அறைக்குள்ள போனவர் எண்பத்திரண்டு கிலோ. வெளிக்கதவு வழியா உங்ககிட்ட வந்தவர் ஐம்பத்தாறு."

"மாத்திப் படிக்கிறீங்க. வெளிய வந்தவர்தான் எண்பத்திரண்டு."

"இல்ல மேடம். ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் கூப்பிட்டேன்."

அந்தக் கிடங்கில் வேலைக்குச் சேரும்போது எல்லோருக்கும் உடல் பரிசோதனை உண்டு. தம்பியோடு நானும் போயிருந்தேன். எடை மெஷினில் அவன் ஏறி நின்றபோது, "சாப்பாட்டைக் குறைடா" என்று கேலி செய்தவளே நான்தான்.

எண்பத்திரண்டு கிலோ.

அன்று மாலையே ஓர் எடை மெஷின் வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். குளியலறை வாசலில், தாண்டாமல் போக முடியாத இடத்தில் வைத்தேன். அவன் வந்தான். அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஓரமாக ஒதுங்கி நின்று, "நீ முதல்ல போ அக்கா" என்றான்.

இன்றுவரை அவன் அதில் கால் வைக்கவில்லை.

அடுத்த நாள் அந்தக் குளிர் அறைக்கு நானே போனேன். ஒவ்வொரு அலமாரிக்குப் பின்னாலும் பார்த்தேன். வீட்டில் நான் மட்டும் அவனைக் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மருந்துப் பெட்டிகள்தான் இருந்தன. கை விறைத்து, கண்ணீர் உறைந்து, காவலர் வந்து இழுத்துக்கொண்டு போகும் வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அம்மா இப்போது அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டாள். இவ்வளவு பொறுமையான பிள்ளைக்கு யார்தான் பெண் கொடுக்கமாட்டார்கள் என்கிறாள். அவளிடம் நான் என்னவென்று சொல்வேன்? என் தம்பியை அந்தக் கதவுக்குள் போகச் சொல்லிக் கத்தியது நான்.